வராத ரயிலில் வந்தவர்கள்

இரண்டு நாடுகள் ஒன்றாக இருந்த காலம் எங்கள் ஊரில் ஒரு நல்ல பருத்திச் சட்டையின் ஆயுளைவிடக் குறைவு. நான் தையல்காரன், பெயர் பிராமா, தம்பாசாரா ரயில் நிலையத்துக்கு எதிரே கடை. காலத்தை எனக்குத் துணியால்தான் அளக்கத் தெரியும். மேற்கே கடலோரம் இருக்கும் எங்கள் செனகலும், கிழக்கே ஆற்றுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்கள் சூடான் என்று பெயர் வைத்திருந்த, இன்று எல்லோரும் மாலி என்று சொல்கிற நாடும் சேர்ந்து ஒரே கூட்டாட்சி ஆகப்போகின்றன என்று ஐம்பத்தொன்பதில் வானொலி சொன்னது. முதலில் நான்கு நாடுகள் என்றார்கள், பிறகு இரண்டு நழுவிக்கொண்டன, மிஞ்சிய இரண்டும் கைகோத்தன. பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு கறுப்பு மனித உருவத்தை வைத்து ஆறு கொடிகள் தைக்கும்படி நிலைய அதிகாரி மபாத்தே என்னிடம் சொன்னார், தைத்தேன். அறுபதாம் ஆண்டு ஜூனில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், கொடி ஏறியது, நாங்கள் ஆடினோம். ஆகஸ்டில் அதே மபாத்தே கொடிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த மனிதனை மட்டும் பிரித்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எடுத்தும் கொடுத்தேன். ஆனால் இரண்டு மாத வெயிலில் மஞ்சள் துணி வெளுத்திருந்தது, அவன் நின்ற இடம் மட்டும் வெளுக்கவில்லை; ஆகவே எடுத்த பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

தாக்கோவுக்கும் தியெமோகோவுக்கும் கல்யாணம் ஆனது அந்த நல்ல காலத்தில். தாக்கோ எங்கள் ஊர்ப்பெண், மாடு மேய்க்கும் புலானிக் குடும்பத்து மகள். காராமணியை அரைத்துப் பொரித்த அக்கரா உருண்டைகளைத் தட்டில் அடுக்கி ரயில் ஜன்னல்களுக்கு நீட்டி விற்பவள். தியெமோகோ ஆற்றுக்கு அப்பால் காயெஸ் நகரத்துக்காரன், டாக்கருக்கும் பமாக்கோவுக்கும் இடையே ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். நெடிய ஆள். டிக்கெட் கேட்பதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவான், அவன் கையிலிருந்த துளைக்கருவி டிக்கெட்டில் மீன் வடிவத்தில் ஓட்டை போடும். எட்டு மாதம் அக்கரா வாங்கித் தின்றான், ஒன்பதாவது மாதம் பெண் கேட்டான். கல்யாணத்துக்கு மாவட்ட அதிகாரியே வந்து, இவள் ஒரு கால், இவன் ஒரு கால், இப்படித்தான் நம் நாடு நிற்கப்போகிறது என்று பேசினார், நாங்கள் கைதட்டினோம். கைதட்டியவர்களில் எங்கள் ஊர் ஜெண்டார்ம் காவலர்களின் தலைவர், பிரிகேடியர் பாஜியும் இருந்தார். தெற்கே மழைக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், சிரித்து யாரும் பார்த்திராதவர், அன்றைக்குச் சிரித்தார்.

ஆகஸ்டு இருபதாம் தேதி காலை வானொலி கூட்டாட்சி உடைந்துவிட்டது என்றது. இரண்டு நாள் கழித்து பாஜி ஆற்றுக்கு அப்பால் பிறந்த ஏழு ரயில்வே ஊழியர்களைப் பெயர் சொல்லி அழைத்து, கிழக்கே போகும் கடைசி ரயிலில் ஏற்றினார். தியெமோகோ பயணிகளோடு பயணியாக, தொப்பி இல்லாமல், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். தாக்கோ தட்டோடு ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

"நாலு நாளில் வந்துவிடுவேன்" என்றான். "காராமணியை நிறைய ஊறவைத்துவிடாதே, ஆள் குறைவாகத்தான் வரும்."

ரயில் போனது. அதோடு அந்தப் பக்கத்துக்காரர்கள் பாதையை மூடிவிட்டார்கள். நாலு நாள் நாற்பதாயிற்று. தண்டவாளத்தில் புல் முளைத்தது, ஓணான் படுத்தது, மபாத்தே மட்டும் தினமும் தொப்பி அணிந்து நிலையக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார், சாவி கொடுப்பதை நிறுத்தச் சொல்லி அவருக்கு இன்னும் உத்தரவு வரவில்லை என்பதால்.

அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை, கிழக்கு ரயில் பழைய அட்டவணைப்படி வந்திருக்க வேண்டிய நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, பருத்த துணி வியாபாரி ஒருவர் நடைமேடையில் நின்றுகொண்டு சுமைதூக்கி எங்கே என்று கேட்டார்.

மபாத்தே அறையிலிருந்து வெளியே வந்தார். "எங்கிருந்து வருகிறீர்கள்?"

"காயெஸிலிருந்து."

"எதில்?"

"என்ன கேள்வி ஐயா இது? ரயிலில். ஆட்டுக்குட்டியோடு ஏறிய ஒருத்தி அதை என் மடியில் விட்டுவிட்டு வழிநெடுகத் தூங்கினாள், பாருங்கள், அங்கி முழுக்க ரோமம்."

அங்கி முழுக்க ரோமம் இருந்தது. ஆறு கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்த மாதம், அவர் காலில் சேறு இல்லை. அவர் நீட்டிய டிக்கெட்டில் அன்றைய தேதி இருந்தது, மீன் வடிவ ஓட்டையும் இருந்தது. மபாத்தே தண்டவாளத்தைப் பார்த்தார், புல் நிமிர்ந்துதான் நின்றது. பத்தொன்பது வருடம் ரயில்வேயில் இருந்தவர். செல்லுபடியாகும் டிக்கெட்டை மறுக்க அவர் கைக்குத் தெரியாது. வாங்கிப் பெட்டியில் போட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஐந்து பேர், அவர்களில் ஆட்டுக்குட்டிக்காரியும் ஒருத்தி.

எப்படி வந்தார்கள் என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. கடவுள் ஆயிரம் வழி வைத்திருக்கிறார், அதில் ஒன்று நான்கு பத்துக்குத் திறக்கிறது, அவ்வளவுதான். எதற்காக வந்தார்கள் என்பதுதான் எங்களை அரித்தது. உளவு பார்க்க என்றார் தண்ணீர்க்காரர், உப்பு கடத்த என்றார் இறைச்சிக்கடைக்காரர், நம் பெண்களைக் கட்டிக்கொண்டு நம் ஊரை உள்ளிருந்தே அவர்கள் ஊராக்க என்றார் பள்ளிக்கூட ஆசிரியர், அவர் படித்தவர் என்பதால் அவர் சொன்னதை நாங்கள் அதிகம் நம்பினோம். வந்தவர்கள் எங்களைப் போலவே இருந்ததுதான் பெரிய சந்தேகம். எங்களைப் போலவே சோறு பிசைந்தார்கள், எங்கள் பெரியப்பா மக்களின் பெயர்களைச் சொல்லி நலம் விசாரித்தார்கள், எங்கள் குடும்பப் பெயரைக் கேட்டதும் ஒரு குடும்பப் பெயர்க்காரர் இன்னொரு பெயர்க்காரரைக் கிண்டல் செய்யலாம் என்ற பரம்பரைக் கேலி உறவை நினைவுபடுத்தி எங்களை அவரைக்காய் தின்னிகள் என்று கிண்டல் செய்தார்கள். அந்நியன் எங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கக் காரணம் என்ன? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றோம்.

பாஜி ஒரு பெஞ்சு போட்டு ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? ரயில் எங்கெங்கே நின்றது? டிக்கெட்டில் ஓட்டை போட்டது யார்? பதில்களை எழுதி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின. பொய் இவ்வளவு பொருந்தாது என்றார் மபாத்தே. உண்மைதான் இவ்வளவு பொருந்தாது என்றார் பாஜி.

பிறகு நடைமேடையில் முள் வெட்டிப் போட்டார்கள். வந்தவர்கள் முள்ளுக்கு நடுவில் இறங்கி, பயணிகளை வரவேற்கும் லட்சணமா இது என்று மபாத்தேயைத் திட்டினார்கள். நடைமேடை ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு மணிக்கு மேல் அதைத் தாண்டுகிறவன் எல்லை தாண்டியவன் என்று பாஜி அறிவித்தார். கோட்டை நாங்கள் தாண்டவில்லை, வந்தவர்கள் மட்டும் உள்ளிருந்து வெளியே தாண்டினார்கள், அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் தலைநகரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி வந்து மூன்று நாள் நடைமேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் மாலை தீர்ப்புச் சொன்னார்: அரசாங்கத்தைப் பொறுத்தவரை ரயில் கிடையாது, ரயில் இல்லாததால் பயணிகளும் கிடையாது, ஆகவே இங்கே நிற்கிற மனிதர்கள் எப்போதும் இங்கேயே நின்றுகொண்டிருந்தவர்கள். அப்படியே பதிவேட்டில் எழுதினார்கள். ஒன்றரை வருடத்தில் எங்கள் ஊரில் புதிதாக இருநூற்றுச் சொச்சம் பழைய குடும்பங்கள் சேர்ந்தன. கிணற்றில் அவர்களுக்குத் தனி வரிசை வைத்தோம். அவர்கள் பிள்ளைகள் என்ன பேசுகின்றன என்று வேலியோரம் நின்று கேட்டோம். அவர்களுக்குச் சட்டை தைத்தபோது நான் பைகளைத் திருப்பிப் பார்த்தேன், வெளிப்படையாகவே சொல்கிறேன்.

தாக்கோ முதல் நாளிலிருந்தே பெஞ்சுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்று மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் கேட்டாள். நெடிய ஆள் என்றார்கள். இரண்டு முறை செருமுகிறார் என்றார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லாத, மரியாதையான ஆள் என்றார்கள். அப்படியானால் அவள் புருஷன் தினமும் நான்கு பத்துக்கு இந்த நடைமேடைக்கு வந்து, நின்று, இறங்காமல் திரும்பிப் போகிறான். முதல் மாதம் அவள் வந்தவர்களிடம் இலவசமாக அக்கரா கொடுத்து, அவர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா என்று கேட்டாள். 'டிக்கெட்' என்று மட்டும்தான் சொன்னார் என்றார்கள். இரண்டாவது மாதம் கேட்பதை நிறுத்தினாள். முகம் இறுகத் தொடங்கியது.

ஒரு நாள் என் கடைக்கு வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒரு தையல் விஷயம் கேட்கணும். கறுப்புச் சட்டைக்கு யாராவது சிவப்பு நூலில் பொத்தான் வைப்பார்களா?"

"கறுப்பு நூல் இல்லையென்றால் வைக்கலாம்."

"இன்றைக்கு இறங்கிய அந்தக் கிழவர் சொல்கிறார், என் புருஷன் சட்டையில் இரண்டாவது பொத்தான் சிவப்பு நூலில் இருக்கிறதாம். நல்ல அழுத்தமான தையலாம். அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது அண்ணே. யார் தைத்திருப்பார்கள்?"

நான் குனிந்து தையலைத் தொடர்ந்தேன். சொல்லியிருக்கலாம், வேறொரு பெண்தான் என்று நினைக்க வேண்டியதில்லை, ரயிலில் போகிறவர்களில் என்னைப் போலத் தையல்காரன் ஒருவன் இருந்திருக்கலாம் என்று. ஆனால் அவள் சந்தேகப்படுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. எங்களில் ஒருத்தியாகிவிட்டாள் என்று தோன்றியது.

ஏனென்றால் நாங்கள் அவளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அக்கராவை எந்தக் காகிதத்தில் சுற்றுகிறாள், அதில் என்ன எழுதியிருக்கிறது, ஐந்து உருண்டை கேட்டவனுக்கு ஏன் ஆறு கொடுத்தாள், ஆறு என்றால் ஆறாவது ராணுவ லாரி என்று அர்த்தமா. கல்யாணத்தில் கைதட்டிய அதே கைகள் அவள் தட்டிலிருந்து எதையும் எடுக்காமல் போயின.

அறுபத்திரண்டாம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த மறு திங்கட்கிழமை, தாக்கோ பெருநாள் உடுப்போடு நிலையத்துக்கு வந்து, டிக்கெட் ஜன்னலைத் தட்டினாள். விஷயம் பரவி நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம்.

"காயெஸுக்கு ஒரு டிக்கெட்" என்றாள்.

"பாதை மூடியிருக்கிறது, தங்கச்சி" என்றார் மபாத்தே.

"வருகிறவர்களிடம் டிக்கெட் வாங்கிப் பெட்டியில் போடுகிறீர்களே. வருவதற்குத் திறந்திருக்கிற பாதை போவதற்கு எப்படி மூடியிருக்கும்?"

மபாத்தே வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு டிக்கெட்டை எடுத்துத் தேதி முத்திரை குத்தினார். முத்திரையில் தூசி படிந்திருந்ததால் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது.

பாஜி சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றார். "தாக்கோ, நீ இதைத் தாண்டினால் நான் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்கள் பிரிகேடியர். என் பெயரை முழுசாக எழுதுங்கள்."

நான்கு பத்துக்கு முதலில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்கினாள். மூட்டையைக் கீழே வைக்க அவள் குனிந்தபோது, அவளுடைய இன்னொரு கை இன்னும் பின்னால் எதையோ பிடித்திருந்தது, வெறும் காற்றில், தோள் உயரத்தில். தாக்கோ கோட்டைத் தாண்டிப் போய் அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள், வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டவளைப் போல வெடுக்கென்று இழுத்தாள், உடுப்பின் நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். ஒரு படி ஏறினாள். இன்னொரு படி. மூன்றாவது படியில் அவள் முதுகு இல்லை, பிறகு குதிகால் இல்லை. ஓணான் தண்டவாளத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தது. பார்த்தாயா, உளவுக்காரிதான், போய்விட்டாள் என்று எங்களில் யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

மறுநாள் நான்கு பத்துக்கு அவள் இறங்கினாள். உடுப்பு கசங்கியிருந்தது. டிக்கெட்டை மபாத்தேயிடம் கொடுத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாஜி நோட்டைத் திறந்தார்.

"பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?"

"போகும்போது யாரும் இல்லை, வண்டி காலி. வரும்போது ஒரு கொல்லர் குடும்பம், அதோ இறங்கி நிற்கிறது."

"ரயில் எங்கெங்கே நின்றது?"

"எல்லா ஊரிலும். இங்கே வந்து திரும்பிவிடுகிறது, இதற்கு மேல் பாதை இல்லையாம்."

"டிக்கெட்டில் ஓட்டை போட்டது யார்?"

"என் புருஷன்."

பாஜி எழுதுகோலைக் கீழே வைத்தார். நாலாவது கேள்வி அவர் வழக்கத்தில் இல்லாதது. "அவன் ஏன் இறங்கவில்லை?"

தாக்கோ அவரைப் பார்த்துச் சொல்லாமல் எங்களைப் பார்த்துச் சொன்னாள். "தினமும் ஜன்னல் வழியாக உங்கள் எல்லோரையும் பார்க்கிறாராம். அவருக்கு நீங்கள் தெரிகிறீர்கள். அன்றைக்கு நம் ஏழு பேரின் பெயர்களைக் கொடுத்தது யார் என்று மற்ற ஆறு பேரும் அவரிடம் கேட்டார்களாம். இவர் காயெஸ்காரர் என்று காகிதத்தில் எங்கும் இல்லை. டாக்கரில் வேலைக்குச் சேர்ந்தவர், இங்கே வீடு கட்டியவர், கல்யாணப் பேச்சு காகிதம் ஆகாது, பிரிகேடியர் பட்டியலில் பெயர் ஏற நியாயமே இல்லை. யாரோ சொல்லாமல் ஏழாவது பெயர் எப்படி வந்தது?" அவள் குரல் இறங்கியது. "என்னிடம் கேட்டார். ஒன்றரை வருடமாக அதைத்தான் கேட்க நினைத்தாராம். நீயா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு டிக்கெட் பார்க்கப் போய்விட்டார்."

"அந்தச் சிவப்பு நூல்?" என்று கேட்டேன், வேறெதையாவது பேசவேண்டும் என்று.

"அவரே தைத்தது. தனியாக இருந்தால் எல்லாம் பழகிவிடுமாம்." எழுந்தாள். "யார் சொன்னார்களோ அவர் நாளைக்கு ஏறி வந்து என் புருஷன் முகத்துக்கு நேரே சொல்லட்டும். இறங்கிவிடுவார்."

எனக்குத் தெரிந்ததை நான் இப்போது சொல்கிறேன். அறுபதாம் வருடம் ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி காலை மேலிடத்திலிருந்து ஒரு தந்தி வந்தது, அந்தப் பக்கத்து ஊழியர்கள் யார் யார் என்று கேட்டு. மபாத்தே எங்களில் சிலரை அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். காட்டிக்கொடுத்தவன் என்று யாரும் கிடையாது. ஆறு பெயர்கள் காகிதத்திலேயே இருந்தன. ஏழாவது யாராவது உண்டா என்றபோது, ஆசிரியர் தியெமோகோவின் பேச்சில் அந்தப் பக்கத்துப் பம்பாரா மொழியின் வாடை உண்டு என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இறைச்சிக்கடைக்காரர் அவன் ஆட்டின் விலாவைக் கிழக்கத்திப் பாணியில் வெட்டச் சொல்வான் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நான், அவன் கல்யாண அங்கிக்கு அளவெடுத்தபோது அவன் அம்மா காயெஸிலிருந்து துணி அனுப்பியிருந்தாள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொடுத்தோம். மபாத்தே அவற்றைச் சேர்த்து ஒரு பெயராக எழுதினார். அடுத்தவன் நம்மைப் பார்த்து, நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டுவிடக் கூடாதே என்கிற பயத்தில் பேசினோம்.

மறுநாள் நான்கு மணிக்கு ஊரே நடைமேடையில் நின்றது, எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கம். நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவை நகரவில்லை. நான்கு பத்துக்கு மீன் கூடையோடு ஒருவர் இறங்கினார், அவர் கை விலகுவதற்குள் மபாத்தே தொப்பியைச் சரிசெய்துகொண்டு கோட்டைத் தாண்டி, கைப்பிடியைப் பிடித்து, வயசானவரானதால் சிரமப்பட்டு, மூன்று படி ஏறி மறைந்தார். பாஜி அவரைத் தடுக்கவில்லை. எழுதவும் இல்லை.

பழைய அட்டவணைப்படி எங்கள் நிலையத்தில் ரயில் ஐந்து நிமிடம் நிற்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நான்கு பதினாலுக்கு மபாத்தே இறங்கினார், கண்கள் சிவந்திருந்தன, யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் தியெமோகோ இறங்கினான். ஒன்றரை வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தான். தாக்கோ அவனிடம் ஓடவில்லை. நடந்து போய் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள், இருவரும் கூட்டத்தின் நடுவே, நாங்கள் விலகி விட்ட வழியில், வீட்டுக்குப் போனார்கள். மறுநாளிலிருந்து நான்கு பத்துக்கு யாரும் வரவில்லை. அடுத்த வருடம் இரண்டு அரசாங்கங்களும் சமாதானமாகி, புல்லை வெட்டி, உண்மையான ரயிலை விட்டன. கிணற்றில் இரண்டு வரிசையும் ஒன்றாயிற்று, அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை.

மபாத்தே அந்த நாலு நிமிடத்தில் என்ன சொன்னார் என்று அவர் செத்துப்போகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. தன்மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொண்டாரா, எங்கள் எல்லோர் பெயரையும் சொன்னாரா, சிலருடையதை மட்டுமா? தியெமோகோவிடம் கேட்க எங்களுக்குத் துணிவில்லை, கேட்டால் கேட்டவன்தான் காட்டிக்கொடுத்தவன் என்று ஆகிவிடும். ஆகவே அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றோம். பள்ளிவாசலில் யாருக்கு எத்தனை நொடி கை கொடுக்கிறான் என்று எண்ணினோம். இறைச்சிக்கடைக்காரர், ஆசிரியரைவிடத் தன்னிடம் அவன் குறைவாகச் சிரிப்பதாகச் சொன்னார். ஆசிரியர் அதையே மாற்றிச் சொன்னார். எனக்கு அவன் பெருநாளைக்கு இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தான், அது மன்னிப்பா அல்லது வேறு ஏதாவதா என்று யோசித்து அந்தத் துணியை வெட்ட ஒரு வாரம் ஆயிற்று எனக்கு.

இப்போதும் அவன்தான் அந்த ரயிலில் டிக்கெட் பார்க்கிறான். காயெஸில் என் தங்கை மகள் இருக்கிறாள், வருடத்துக்கு இரண்டு முறை போவேன். பெட்டிக்குள் வந்து இரண்டு முறை செருமுவான். டிக்கெட்டை வாங்குவான், அதையும் பார்ப்பான், என்னையும் பார்ப்பான், என்னோடு வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரையும் எவ்வளவு நேரம் பார்க்கிறானோ அவ்வளவே நேரம், ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓட்டை போடுவான். "போய் வாருங்கள் அண்ணே" என்பான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.